எட்டாவது கேள்வி

நான்காவது கோச், ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே வாட்ஸ்அப்பில் ராஜினாமா அனுப்பிவிட்டுப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. பென்னி அந்தச் செய்தியை இன்னும் அழிக்கவில்லை. தினமும் காலையில் பல் துலக்கும்போது ஒருமுறை வாசிப்பார், ஒருமுறை திட்டுவார், அப்புறம்தான் வாய் கொப்பளிப்பார்.

அப்படி என்னதான் எழுதியிருந்தார் அந்த மனிதர்? ஒரே வரி. 'உங்கள் டீமுக்கு கோச் தேவையில்லை சார், நீங்களே போதும்.'

நியாயமான வரிதான் என்று நமக்குத் தோன்றுகிறது. பென்னிக்குத் தோன்ற வேண்டுமே. தென்காசியில் பெயிண்ட், பைப் கடை வைத்து நாலு பேர் மதிக்க வாழ்கிறவர் அவர். ஏழு வருஷத்துக்கு முன்னால், மகன் ஜோயலை மாநில டீம் தேர்வில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்ற ஆத்திரத்தில் 'சாரல் எஃப்.சி.' என்று சொந்தமாகவே ஒரு கால்பந்து கிளப்பை ஆரம்பித்தார். மகனை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒரு டீம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

கோச் போவதற்குக் காரணம் ஆலங்குளம் மேட்ச்சில் நடந்த கூத்து. பதினேழாம் நம்பர் சட்டை போட்ட சிவனணைந்தபெருமாள், புளியங்குடி சந்தையில் லாரிக்கு எலுமிச்சை மூட்டை ஏற்றுகிறவன், கடைசி நிமிஷத்தில் பந்தை ஜோயலுக்குத் தராமல் தானே அடித்தான். பந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது. ஒரு கோலில் தோல்வி. பென்னி கேலரியிலிருந்து இறங்கி வந்து, அத்தனை பேர் முன்னிலையிலும், "நாளைலருந்து இங்கன வராத" என்று அவனை அனுப்பிவிட்டார். பின்னாலேயே கோச்சும் போய்விட்டார்.

இன்று சனிக்கிழமை.

"எப்பா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு லீக்குக்காரங்க சைட்ட மூடிருவாங்க" என்றாள் ஷாரோன், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல். "லைசன்ஸ் உள்ள கோச் பேரும் உங்க கையெழுத்தும் அதுக்குள்ள ஏறலன்னா, இந்த சீசன் நாம கெடையாது. அடுத்த சீசனும் கீழ் டிவிஷன்லருந்துதான் தொடங்கணும்."

ஷாரோன் மூத்தவள். கிளப்பின் செயலாளர். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

"தெரியும்ட்டி. அதுக்குத்தான அந்த செங்கோட்டைக்காரன இன்னைக்கு வரச் சொல்லிருக்கு."

"வரச் சொன்னது நான். குத்தாலத்துக்கு வரச் சொன்னது நீங்க. ஒரு கோச்ச எதுக்குப்பா அருவிக்குக் கூட்டிட்டுப் போணும்?"

பென்னி இட்லியைப் பிட்டுக்கொண்டே சிரித்தார். இது அவருடைய தனி முறை. ஆளை வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், எண்ணெய் தேய்த்து, அருவிக்குக் கீழே நிறுத்திவிடுவார். இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போகிறானா, வயசானவருக்கு இடம் விடுகிறானா, பக்கத்தில் நிற்கிறவனுக்கு சோப்புக் கொடுக்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். கடையில் வேலைக்கு ஆள் எடுத்ததும் இப்படித்தான், ஷாரோனுக்கு வந்த மூன்று மாப்பிள்ளைகளைத் தட்டிக்கழித்ததும் இப்படித்தான்.

"அருவியில நிக்கவச்சா ஆளு எப்படின்னு தெரிஞ்சிரும்" என்றார்.

"நாலு கோச்சையும் அப்படித்தான எடுத்தீங்க. ஒருத்தராவது இப்ப இருக்காங்களா? கூடப்பொறந்தது எத்தன பேரு, சொந்த வீடா, குடிப்பழக்கம் உண்டான்னு மாப்பிள்ளை பாக்குத மாதிரி கேக்கீங்க. பந்தப் பத்தி ஒரு கேள்வி கேட்டிருக்கீங்களா?"

"ஆளு நல்லவனா இருந்தா ஆட்டம் தானா வரும்ட்டி."

ஷாரோன் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏழு கேள்வி அடிச்சு பிரிண்ட் குடுத்திருக்கேன். ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன், அத மட்டுமாவது கேளுங்க."

அடுத்த அறையில் பிரிண்டர் ஓடி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஜோயல் தாளோடு வந்தான். இருபத்தைந்து வயது, அப்பாவின் உயரம், அம்மாவின் அமைதி. தாளை நாலாக மடித்து, தானே அப்பாவின் சட்டைப் பையில் வைத்தான்.

"வாசிச்சிருங்கப்பா."

"சரிலே."

"மறந்துராதீங்க."

"சரின்னு சொல்லுதம்லா. போய் ப்ராக்டிஸப் பாரு."

ஜோயல் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றான். பிறகு சாப்பிடாமலே பைக்கை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டான். ரெபேக்காள் அடுப்படியிலிருந்து மகன் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தட்டில் அவனுக்காக வைத்த நாலு இட்லியும் அப்படியே இருந்தது.

*

குற்றாலத்தில் நல்ல சாரல். சனிக்கிழமைக் கூட்டம் வேறு. பஸ் நிறுத்தத்தில் முத்துகுமரன் சொந்தத் துண்டோடும் சோப்பு டப்பாவோடும் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தாறு வயது, செங்கோட்டைக்காரர், கொல்லம் பக்கத்து கிளப்புகளில் பத்து வருஷம் கோச்சாக இருந்தவர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரோடு வந்துவிட்டார்.

சொந்த சோப்புக் கொண்டுவந்ததே பென்னிக்குப் பிடித்துப்போயிற்று.

மெயின் அருவிக்குப் பக்கத்தில் இரண்டு பேரையும் பலகையில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தார்கள். தேய்க்கிறவர் சும்மாவிடவில்லை. உச்சந்தலையில் ஊற்றியது தாடை வழியாக இறங்கியது.

"மதி, மதி" என்றார் முத்துகுமரன், கையைத் தடுத்து. பத்து வருஷ மலையாளம் அவசரத்தில் எட்டிப் பார்த்துவிடும். "போதும்யா. கண்ணுல எறங்குது."

"நல்லாத் தேய்க்கட்டும் தம்பி" என்றார் பென்னி. "அப்பா என்ன பண்ணிட்டிருந்தாவ?"

"போஸ்ட் ஆபீஸ்ல. ரிட்டயர் ஆகித் தவறிட்டாவ."

"கூடப்பொறந்தது?"

"ரெண்டு அக்கா. கட்டிக்குடுத்தாச்சு."

"வீடு சொந்தமா?"

"சொந்தம்தான். ஒழுகுது."

"குடி?"

"எட்டு வருஷம் ஆச்சு அண்ணாச்சி, விட்டு."

பென்னிக்கு மனசு நிறைந்துவிட்டது. பொய் சொல்லாத ஆள். இனி அருவியில் ஒரு முழுக்கு, பார்டர் பரோட்டாக் கடையில் ஒரு சாப்பாடு, நாலு மணிக்குக் கையெழுத்து. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

அப்போதுதான் அபாயச் சங்கு ஊதியது.

மேலே காட்டில் கனமழை. கண்ணெதிரே அருவி பழுப்பாக மாறி, பாலத்தை நோக்கிப் பாய்ந்தது. போலீஸ்காரர்கள் விசிலடித்து எல்லோரையும் வெளியே தள்ளினார்கள். குளிக்கத் தடை.

"ஐந்தருவிக்குப் போயிருவோம்" என்றார் பென்னி. பொலிரோவின் சீட்டில் பேப்பர் விரித்து, எண்ணெயும் ஆளுமாக ஐந்தருவிக்குப் போனார்கள். அங்கேயும் கயிறு கட்டியிருந்தது. பழைய அருவிக்குப் போனார்கள். அங்கே வண்டியையே உள்ளே விடவில்லை. திரும்ப மெயின் அருவிக்கே வந்து, வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சட்டை இரண்டும் வண்டிக்குள் கிடந்தன.

"அரை மணி நேரத்துல தடைய எடுத்திருவாங்க" என்றார் பென்னி.

ஒரு மணி நேரம் ஆயிற்று. எடுக்கவில்லை. எண்ணெய் கண்ணில் இறங்கி எரிந்தது. துடைத்தால் கையும் எண்ணெய். பென்னி பக்கத்தில் வைத்திருந்த புது சோப்பை ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறி, கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியது. பென்னி கல்லைத் தேடினார். அதற்குள் அது அடுத்த மரத்துக்குப் போய்விட்டது. சவத்துப் பய நாளு, என்று நாளைத் திட்டினார்.

"அண்ணாச்சி, ஆட்டத்தப் பத்தி நீங்க ஒண்ணுமே கேக்கலியே" என்றார் முத்துகுமரன்.

சட்டைப் பையில் தாள் இருப்பது பென்னிக்கு நினைவுக்கு வந்தது. இந்த எண்ணெய்க் கையோடு எழுந்துபோய் அதை எடுத்து வாசிப்பதா? அவருக்குப் பொறுமை இல்லை.

"அது ஒங்களுக்குத் தெரியாததா? நான் என்னத்தக் கேக்க?"

"அப்ப நானே சொல்லிருதேன். அஞ்சு மேட்ச் வீடியோ பாத்தேன். நான் வரணும்னா ரெண்டு காரியம். ஒண்ணு, மேட்ச் நடக்கும்போது நீங்க கேலரிய விட்டு எறங்கக் கூடாது."

பென்னிக்குச் சுருக்கென்றது. ஆனால் மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. விழுங்கிக்கொண்டார். "சரி. ரெண்டாவது?"

"பத்தாம் நம்பர் மொதல் பதினொண்ணுல இருக்கக் கூடாது."

"அது என் மகன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லுதீரு?"

'நீங்க' போய் 'நீரு' வந்துவிட்டதை முத்துகுமரன் கவனித்தார். ஆனாலும் குரல் மாறவில்லை. "மோசமான ஆட்டக்காரன் இல்ல அண்ணாச்சி. ஓடுதான், ஒழைக்கான். ஆனா மத்த பத்துப் பேரும் கோல் போட ஆடல, பந்த அவன்கிட்டக் கொண்டுசேர்க்க ஆடுதாங்க. பக்கத்துலயே ஒருத்தன் தனியா நிப்பான், அவனுக்குக் குடுக்க மாட்டாங்க. கேலரியில ஒங்க மொகத்தப் பாத்துட்டு பத்தாம் நம்பருக்கே அடிப்பாங்க. அது போகாம இந்த டீம் வெளங்காது."

"ஏய், அவனுக்காக ஆரம்பிச்ச கிளப்புய்யா இது. அவனையே வெளிய உக்கார வைக்க நீரு யாரு?"

"கோச்சு."

"இன்னும் ஆகல."

"சரி அண்ணாச்சி" என்றார் முத்துகுமரன்.

விறுவிறுவென்று எழுந்து வண்டியில் ஏறிப் போய்விட வேண்டும் என்று பென்னிக்கு ஆத்திரம். எழுந்தார். எண்ணெய்க் கால் சிமென்டில் வழுக்கிப் பெஞ்சிலேயே மறுபடி உட்கார்ந்தார். மனுஷன் கோபித்துக்கொண்டு போகக்கூட முடியவில்லை என்றால் என்ன செய்வான்?

முத்துகுமரன்தான் போனார். துண்டால் உடம்பைத் துடைத்து, சட்டையை எடுத்து மாட்டினார். நாலடி போனவர் திரும்பி வந்து, தன் சோப்பு டப்பாவை பென்னிக்குப் பக்கத்தில் வைத்தார். "தடைய எடுத்தா குளிச்சிட்டுப் போங்க. எனக்கு வீடு பக்கம்தான்." செங்கோட்டை பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

பென்னி இத்தனை வருஷமாக அருவிக்குக் கீழே நின்று தேடிய குணம் அது. அவர் இருந்த கோபத்தில் அது கண்ணில் படவில்லை.

*

மதியம் ஒன்றரைக்கு, குளிக்காத தலையோடு, எண்ணெய் ஊறிய சட்டையோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து ரெபேக்காள் நாற்காலியில் பேப்பரை விரித்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

"என்னாச்சுப்பா?" என்றாள் ஷாரோன்.

"அவன் ஒரு கோட்டிக்காரன். ஜோயல டீம்லருந்து எடுக்கணுமாம். வேற ஆளே கெடைக்காதா எனக்கு?"

போனை எடுத்தார். வாசுதேவநல்லூர் பி.டி. வாத்தியாரைக் கூப்பிட்டார். அவருக்கு ஆசைதான், வீட்டில் சம்மதிக்க மாட்டார்களாம். திருநெல்வேலியில் ஒருவர், "எந்த பென்னி? சாரல் பென்னியா?" என்று கேட்டார், அதோடு லைன் கட்டாகிவிட்டது. இன்னொருவர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இரண்டு மணிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார், மூன்று மணிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் போன் ஸ்விட்ச் ஆஃப்.

மணி மூன்றே முக்கால். போனின் திரையெல்லாம் எண்ணெய். விரலை வைத்தால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று போகிறது. பென்னி அதைச் சோபாவில் விட்டெறிந்தார்.

"முத்துகுமரன் பேப்பர் எல்லாம் என்கிட்ட ரெடியா இருக்கு" என்றாள் ஷாரோன். "நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"அவன் என் மகன அவமானப்படுத்திருக்கான்."

"அவரு சொன்னது சரிப்பா. ஊருக்கே தெரியும். நம்ம வீட்லதான் யாரும் சொல்ல மாட்டோம்."

"வாய மூடுட்டி. ஏழு வருஷம் இந்தக் கிளப்புக்கு ஒழைச்சிருக்கேன்."

"நானும்தான் ஒழைச்சிருக்கேன். ஒவ்வொரு கோச்சும் போகும்போது என்கிட்டத்தான் சொல்லிட்டுப் போறாங்க. ஒங்ககிட்டச் சொல்லப் பயம். நாலு பேருகிட்டயும் மன்னிப்புக் கேட்டது நான்." ஷாரோன் அழ மாட்டேன் என்று பிடிவாதமாக லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு அலுத்துப் போச்சுப்பா."

ரெபேக்காள் அதுவரை வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். இப்போது உள்ளே வந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா? அவன் பூட்ஸப் பாத்தீங்களா?"

"என்ன பூட்ஸு?"

"ஜோயல் பூட்ஸ். பன்னெண்டு வயசுலருந்து அதத் தொடைச்சு வைக்காம அவன் படுத்ததில்ல. ஆலங்குளத்துலருந்து வந்த நாள் தொட்டு அதத் தொடவே இல்ல. மண்ணோட மாட்டிட்டுப் போறான், மண்ணோட கழட்டிப் போடுதான். நான் தொடைக்கப் போனேன். வேண்டாம்மா, விடுங்கன்னுட்டான்." ரெபேக்காள் கணவன் முகத்தைப் பார்த்தாள். "அருவியில நிக்கவச்சு ஊராப் புள்ளைகள எல்லாம் எடை போடுதீங்க. வீட்ல கெடக்கவனப் பாக்க ஒங்களுக்கு நேரமில்ல."

பதில் இல்லாதபோது பென்னி குளிக்கப் போவார். சட்டையைக் கழற்றினார். பையில் அந்தத் தாள், எண்ணெய் ஊறி, பின்பக்கம் தெரிகிற மாதிரி ஆகியிருந்தது.

"அத வாசிக்கவே இல்லியா நீங்க?" என்றாள் ஷாரோன்.

"இந்தா வாசிக்கேன். போதுமா?" வீம்புக்குத்தான் பிரித்தார். வெறுப்போடு உரக்க வாசித்தார். "ஒண்ணு, எங்கள் டீமின் பெரிய குறை என்ன என்று நினைக்கிறீர்கள். ரெண்டு, எந்த முறையில் ஆடுவீர்கள். மூணு..."

நாலு, ஐந்து, ஆறு என்று போனார். "ஏழு, உள்ளூர்ப் பையன்களை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள். எட்டு..."

"எட்டா? நான் ஏழுதான் அடிச்சேன்" என்றாள் ஷாரோன்.

பென்னி நிறுத்திவிட்டார். ஏழு கேள்விகள் அச்சில் இருந்தன. எட்டாவது நீல பால்பாயிண்டில், வலது பக்கம் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு காலத்திலிருந்து அவருக்குத் தெரிந்த கையெழுத்து.

'8. ஓனர் மகன் ஜோயலை டீமிலிருந்து எடுக்க உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா? இருந்தால் மட்டும் வாருங்கள்.'

ஷாரோன் வந்து தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் இது புதிது. வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

இதை பென்னியே, தன் வாயால், ஒரு கோச்சிடம் கேட்க வேண்டும் என்று அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். காலையில் பையில் வைத்து, மறந்துராதீங்க என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அந்த செங்கோட்டைக்காரர் சரியாகப் பதில் சொல்லிவிட்டார், அதற்காகவே இவர் அவரை விரட்டிவிட்டார். பென்னிக்கு வெட்கமாக இருந்தது.

"வண்டிச் சாவிய எடு" என்றார். "லேப்டாப்பையும் எடுத்துக்கோ."

"குளிச்சிட்டு..."

"வாட்டி, சொல்லுதம்லா."

*

மைதானத்தில் ஜோயல் மட்டும் இருந்தான். பயிற்சி முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். கோச் இல்லாத டீமில் யார் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? அவன் கோல் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தான். பூட்ஸில் பழைய மண் காய்ந்திருந்தது. பென்னி முதலில் அதைத்தான் பார்த்தார்.

எண்ணெய் வழியும் தலையோடு வரும் அப்பாவைப் பார்த்ததும் அவன் எழுந்தான். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"இத நீயாலே எழுதுன?"

"ஆமாப்பா."

"என்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேன்." ஜோயல் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "மூணு தடவ சொன்னேன், எனக்கு இது வேண்டாம்னு. மொதத் தடவ புது பூட்ஸ் வாங்கித் தந்தீங்க. ரெண்டாந்தடவ கோச்ச மாத்துனீங்க. மூணாந்தடவ சொன்னதுக்கு மறுவாரம் சிவனணைஞ்சபெருமாள அனுப்பிட்டீங்க."

"அவன் ஒனக்குப் பந்து தரல."

"அன்னைக்கு நான் ஆஃப்சைடுல நின்னேன். எனக்குத் தந்திருந்தா ரெஃப்ரி விசில் அடிச்சிருப்பாரு. அவன் பண்ணுனது சரி." ஜோயல் மூச்சை இழுத்துக்கொண்டான். "எல்லாரும் எனக்கே பந்து தாராங்கப்பா. நான் நல்ல எடத்துல நிக்கேன்னு இல்ல. நீங்க பாத்துட்டிருக்கீங்கன்னு. ஏழு வருஷத்துல என்ன ஒரு சாதாரண பிளேயரா நடத்துனவன் அவன் ஒருத்தந்தான். அவனையும் அனுப்பிட்டீங்க. எனக்கு மைதானத்துக்குள்ள வரவே கூச்சமா இருக்குப்பா."

பென்னி அவன் தோளில் கை வைக்கப் போனார். கையெல்லாம் எண்ணெய். வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். ஜோயல் விலகவில்லை.

"எப்பா, நாலு நாப்பத்தொண்ணு" என்றாள் ஷாரோன். பொலிரோ பானட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். பென்னி திரையில் விரலால் கையெழுத்துப் போட்டார். எண்ணெய் விரல் வழுக்கி இரண்டு தடவை கிறுக்கலாகி, மூன்றாவது தடவைதான் ஏறியது.

"முடிஞ்சுதா?"

"இல்ல. கோச்சுக்கும் சம்மதம்னு இருக்கணும்லா. அவர் போனுக்கு ஒரு ஓடிபி போயிருக்கு. ஆறு நம்பர். அத அவர்தான் சொல்லணும்." ஷாரோன் தன் போனை நீட்டினாள். "நான் கேக்க மாட்டேன்ப்பா. இந்தத் தடவ நீங்களே பேசுங்க."

மணி நாலு நாற்பத்தாறு. பென்னி போன் அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு சத்தம்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

பென்னிக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. பக்கத்தில் மகன், எதிரே மகள். கையில் அந்தத் தாள். ஏழு வருஷத்தில் எந்த கோச்சிடமும் கேட்காததை அவர் கேட்டார்.

"பத்தாம் நம்பர் எடத்துல யார எறக்குவீங்க?"

"இதக் காலையிலயே கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என் மேலதான்."

"மகன் என்ன சொல்லுதான்?"

"அவந்தான் கேக்கச் சொன்னான். நான்தான் வாசிக்கல."

முத்துகுமரன் இதை விளங்கிக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஆனால் நிதானமாக ஆறு எண்களைச் சொன்னார். பென்னி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல, ஷாரோன் தட்டினாள். திரை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. ஏற்றுக்கொள்ளப்பட்டது. நாலு ஐம்பத்து மூன்று. ஷாரோன் பானட்டிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, வச்சிராதீங்க" என்றார் முத்துகுமரன். "கேட்டதுக்குப் பதில் சொல்லலியே. பதினேழாம் நம்பர். ஆலங்குளம் மேட்ச்ல போஸ்ட்டுல அடிச்சானே, அவன். திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு அவன் மைதானத்துல நிக்கணும். அனுப்புனது நீங்க. கூட்டிட்டு வாறதும் நீங்கதான்."

போனை வைத்துவிட்டார்.

பென்னி புளியங்குடி ரோடு இருக்கும் பக்கம் பார்த்தார். அத்தனை பேர் முன்னால், வேர்வையோடு நின்ற ஒருத்தனை, சரியாக ஆடியதற்காக வெளியே போகச் சொன்ன வாய் இது. அதே வாயோடு போய் அவன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.

"அவன்ட்ட நான் என்னன்னுலே கேப்பேன்?" என்றார்.

ஜோயல் ஷாரோனின் பையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தான். பேனாவையும் எடுத்தான்.

"எழுதித் தாரேன்ப்பா" என்றான். "இந்தத் தடவ வாசிங்க."